ஆறாவது அணியும் பழைய போட்டிகளும்

திருகோணமலை ஓர்ஸ் ஹில் பகுதியிலே, மாலை வேளைகளில் இளைஞர் கூடிப் பேசும்பொழுது இரு வாதங்கள் அடிக்கடி எழுவதுண்டு. லங்கா பிரீமியர் லீக் எனப்படும் கிரிக்கெட் சுற்றுப்போட்டியில் ஆறாவது அணியொன்று சேர்க்கப்படின், அது திருகோணமலைக்கு உரியதா, மட்டக்களப்புக்கு உரியதா என்பது ஒன்று. இந்தியாவுடனும் பாகிஸ்தானுடனும் ஆஸ்திரேலியாவுடனும் இலங்கை ஆடிய பழைய ஆட்டங்களில் எது பெரிது, எந்தப் பகை கடுமையானது என்பது மற்றொன்று. முதல் வாதத்தை இளையோரும் இரண்டாவதை அவர்தம் தந்தையரும் நடத்துவர். இவையெல்லாம் வீண்பொழுது போக்கும் பேச்சு என்று கற்றோர் பலர் ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்குவது பொருத்தமன்று.

ஒரு நாட்டு மக்கள் யாரைத் தம்மவர் என்கின்றனர், யாரை எதிரி என்கின்றனர் என்பதை விளையாட்டரங்கைப்போல் வெளிப்படையாகக் காட்டும் இடங்கள் மிகச் சிலவே. பதினொருவரைச் சேர்த்து ஓர் அணி என்று பெயரிடும்பொழுதே ஒரு கோடு கீறப்படுகின்றது. அக்கோட்டுக்குள்ளே யார், வெளியே யார் என்று வகுத்தவர்கள் காலந்தோறும் மாறியுள்ளனர். முதலில் வெள்ளைத் துரைமார் வகுத்தனர். அவர்களைப் பின்பற்றி இனத்தின் பெயராலும் மதத்தின் பெயராலும் கழகங்களை நடத்திய கனவான்கள் வகுத்தனர். பின்னர் தேசிய அரசுகள் வகுத்தன. இன்று ஏலத்தில் அணியை வாங்கும் முதலாளிகள் வகுக்கின்றனர். இவ்வரலாற்றை நோக்கின், புதிய அணி பற்றிய வாதமும் பழைய பகை பற்றிய வாதமும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பது புலனாகும். கிழக்கு மாகாணத்து இளைஞர் அக்கேள்வியை நேராகக் கேட்கவேண்டிய காலம் இது.

சென்னையில் 1846-ல் தொடங்கப்பட்ட மதராஸ் கிரிக்கெட் கழகம் ஐரோப்பியர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. சேப்பாக்கத்திலே அவர்களோடு ஆட வந்த இந்தியர், உணவு வேளையில் ஆட்டக்காரர் மண்டபத்துள் நுழைய இயலாது மரநிழலில் அமர வேண்டியிருந்தது. இவ்விழிவைப் பொறாத புச்சி பாபு நாயுடு என்பார் 1888-ல் மதராஸ் யுனைடெட் கழகத்தை நிறுவினார். ஐரோப்பியரும் இந்தியரும் சமநிலையில் நின்று ஆடும் ஆட்டமொன்றுக்கு 1908-ல் அவர் ஏற்பாடு செய்தார். ஆயின் அது நிகழுமுன்னரே காலமானார். 1915-16 பருவம் முதல் பொங்கற் காலத்தையொட்டி நடைபெற்ற பிரசிடென்சி ஆட்டம் அவர் இட்ட வித்தின் விளைவாகும். புச்சி பாபு செல்வக் குடியிற் பிறந்தவர். அவர் வேண்டிய சமத்துவம் கனவானுக்கும் துரைக்கும் இடையிலான சமத்துவமே. எனினும், ஆள்வோனை அவனது ஆட்டத்திலேயே எதிர்த்து நிற்கலாம் என்ற எண்ணத்தை அது சென்னை மக்களுக்கு ஊட்டியது. அதே எண்ணம் கல்கத்தாவில் இன்னும் உரத்து ஒலித்தது. 1911-ல் மோகன் பகான் கழகத்தார், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை உதைபந்தாட்டத்தில் 2-1 என்று வென்றபொழுது, வங்கம் முழுவதும் அதனை ஓர் அரசியல் வெற்றியாகவே கொண்டாடியது.

பம்பாயில் நிகழ்ந்ததோ வேறு. அங்கு 1892 முதல் ஐரோப்பியரும் பார்சிகளும் மோதினர். 1907-ல் இந்துக்கள் என்ற பெயரில் ஓர் அணியும், 1912-ல் முஸ்லிம்கள் என்ற பெயரில் ஓர் அணியும், 1937-ல் "ஏனையோர்" என்ற பெயரில் ஓர் அணியும் சேர்க்கப்பட்டன. இன்றைய மொழியிற் கூறின், இதுவும் ஒரு "லீக் விரிவாக்கம்" தான்! ஒவ்வொரு விரிவாக்கமும் மக்களை மதத்தின்படி பகுத்து, அப்பகுப்பைப் பல்லாயிரவர் கைதட்டலால் உறுதிப்படுத்தியது. 1940 டிசம்பரில் காந்தியடிகள் இந்த வகுப்புவாதக் கிரிக்கெட்டைக் கண்டித்தார். எனினும் நுழைவுச்சீட்டு விற்பனை குறையாதவரை நடத்துவோர் அதனை விடவில்லை. நாடு பிளவுபடும் தறுவாயில், 1945-46 பருவத்தோடுதான் அது ஒழிந்தது.

இந்து அணி என்று பெயர் சூட்டிக்கொண்டோர் இந்துக்கள் அனைவரையும் ஒன்றாகக் கருதினரா? பல்வங்கர் பாலூ என்ற இடக்கைப் பந்துவீச்சாளரின் வாழ்க்கை இதற்கு விடை கூறும். ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த அவர், பூனாவிலே ஐரோப்பியர் கழகத்தில் மைதான வேலைசெய்து, வலைப்பயிற்சியில் துரைமார்க்குப் பந்து வீசியே கலையைக் கற்றார். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்து அணியின் வெற்றிகள் பலவற்றுக்கு அவரே காரணர். மைதானத்தில் அவரோடு ஒரே பந்தைத் தொட்ட சாதி இந்துக்கள், தேநீர் வேளையில் அவருக்குத் தனிக் குவளையில், மண்டபத்துக்கு வெளியே வைத்துத் தேநீர் கொடுத்தனர். அணித்தலைமை அவருக்குக் கிட்டவேயில்லை. நீண்ட போராட்டத்தின் பின்னர் 1923-ல் அவர் தம்பி விட்டல் அணித்தலைவரானார். அணியின் பெயர் எத்துணை விரிந்ததாயினும், அதன் உள்ளே இருக்கும் படிநிலைகளை ஆராயாது அதனை மெச்சுவது ஏமாளித்தனமாகும்.

இலங்கைக்கு வருவோம். கொழும்பில் 1863-ல் ஐரோப்பியர்க்கெனக் கொழும்பு கிரிக்கெட் கழகம் தோன்றியது. 1872-ல் மலாயர் கழகம், 1896-ல் பறங்கியர் கழகம், 1899-ல் சிங்கள விளையாட்டுக் கழகம், அதே ஆண்டில் தமிழ் யூனியன், 1908-ல் சோனகர் கழகம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கழகங்கள் எழுந்தன. இந்நகரத்தின் மைதானங்களை மட்டும் வரைபடத்திற் குறித்தால், இனவாரிப் பிரதிநிதித்துவத்தின் படமொன்று நம் கண்முன் விரியும். சட்டசபையிலே இனத்துக்கு இத்தனை இடம் என்று ஆங்கிலேயர் பகுத்தளித்த அதே காலத்தில், அதே குடும்பங்களைச் சேர்ந்தோர் மைதானத்திலும் அப்பகுப்பைப் பேணினர். இக்கழகங்களிலே பெரு வீரர்கள் தோன்றினர் என்பதும், இன எல்லை கடந்த நட்பு மலர்ந்ததென்பதும் உண்மையே. ஆயினும் கழகத்தின் வாயில் உழைப்பாளிக்குத் திறந்திருக்கவில்லை. தமிழர் பெயரால் ஒரு கழகம் இருந்தமையால் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவரின் மகனுக்கு ஒரு துடுப்பு கிடைத்துவிடவில்லை.

1948 மார்ச்சில், இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி, கொழும்பில் இறங்கித் தமிழ் யூனியனின் ஓவல் மைதானத்தில் ஒருநாள் ஆடியது. ஆடுகளம் இரண்டு கஜம் குறைவாக அளக்கப்பட்டிருந்தமை பின்னர் தெரியவந்து பெரு நகைப்புக்கு இடமாயிற்று. அன்று இலங்கையின் அணித்தலைவர் மகாதேவ சதாசிவம் என்ற தமிழர். அதற்கு முந்திய ஆண்டு சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்துப் புகழெய்தியவர் அவர். அந்த 1948-ஆம் ஆண்டின் இறுதிக்குள்ளேயே பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. மலையகத் தமிழர் பல லட்சம் பேர் நாடற்றவராயினர். நாட்டின் அணிக்குத் தமிழர் ஒருவர் தலைவராயிருந்தார்; நாட்டின் செல்வத்தை விளைவித்த தமிழர் நாட்டுக்கு வெளியே தள்ளப்பட்டனர். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. சட்டத்துக்கு ஆதரவாகக் கைதூக்கியோருள்ளும் தமிழ்த் தலைவர் சிலர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. வர்க்கத்தின் கோடு இனத்தின் கோட்டைவிட ஆழமாகக் கீறப்பட்டிருந்தது.

இத்தகைய சூழலிலேதான் பாக்கு நீரிணைக்கு இருமருங்கும் உள்ளோர் மறந்துவிட்ட ஒரு போட்டி தொடங்கிற்று. சென்னையில் ஐரோப்பியரும் இந்தியரும் மோதிய பிரசிடென்சி ஆட்டம் 1952-ல் ஓய்ந்தது. துரைமார் கப்பலேறிவிட்ட பின்னர் அதற்குப் பொருளுமில்லை. 1952-53 பருவத்தில் சென்னை மாநில அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையே கோபாலன் கிண்ணப் போட்டி தொடக்கப்பட்டது. வெள்ளையனும் கறுப்பனும் என்ற பழைய எதிர்நிலை நீங்க, அண்டை வீட்டார் இருவர் ஒருவரையொருவர் எதிர்கொண்டனர்.

கிண்ணம் யாருடைய பெயரைத் தாங்கியதோ அவருடைய கதையும் கேட்கத்தக்கது. செங்கற்பட்டு வட்டாரத்து மொறப்பாக்கத்திற் பிறந்த எம். ஜே. கோபாலன், கிரிக்கெட், ஹொக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கிண்ணத்தின் முதற் பந்தை வீசியவரும் அவரே. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹொக்கி அணியோடு செல்வதா, இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் அணியோடு செல்வதா என்ற நிலை எழுந்தபொழுது அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹொக்கி அணி தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை.

கோபாலன் கிண்ணம் இலங்கைக்கு எத்துணை பயன்பட்டது என்பதை இன்றைய தலைமுறை உணராது. அக்காலத்தில் பெரிய கிரிக்கெட் நாடுகள் இலங்கையை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. 1882-ல் ஐவோ பிளையின் ஆங்கில அணி கப்பல் தங்கிய இடைவேளையில் கொழும்பில் ஆடிச் சென்றது முதல், வழிப்போக்கர் ஆட்டங்களே இலங்கைக்குக் கிடைத்தன. ஏறக்குறைய ஆண்டுதோறும் முழுமையான முதல்தர ஆட்டமொன்றைத் தந்தது சென்னை. ஒரு நாட்டின் தேசிய அணி, அண்டை நாட்டின் ஒரு மாநில அணியோடு ஆடுவது இழிவு என்று இலங்கையர் எண்ணவில்லை. அங்கே ஒருமுறையும் இங்கே ஒருமுறையுமாகப் பயின்ற அணிதான், மைக்கல் திசேரா தலைமையில், 1965 ஜனவரியில் அகமதாபாத்தில் இந்தியாவையே வென்றது. அவ்வாண்டே சர்வதேசக் கிரிக்கெட் மாநாட்டில் இணை உறுப்புரிமையும் இலங்கைக்குக் கிட்டியது.

இப்போட்டி நடந்த ஆண்டுகளை நினைவிற் கொள்க. 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம். 1958-ல் இனக்கலவரம். 1964 அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் மனிதர் இந்தியாவுக்கும், மூன்று லட்சம் பேர் இலங்கைக்கும் என்று பொருட்களைப்போற் பங்கிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. அரசுகள் மக்களைப் பங்கிட, இயற்கை பாதையைத் துண்டிக்க, ஆட்டக்காரர் மட்டும் இரு கரைகளுக்கும் சென்றுவந்துகொண்டிருந்தனர். அவர்கள் புரட்சி செய்தனர் என்று நாம் கூறவில்லை. ஆட்டக்காரர் பலர் மேற்குடியினரே. தோட்டத் தொழிலாளியின் துயர் அவர்தம் பேச்சில் இடம்பெற்றிருக்கும் என்று எண்ணவும் காரணமில்லை. ஆயினும், போட்டி என்பது பகையாகவே இருக்கவேண்டியதில்லை என்பதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு நடந்த சாட்சி அது. 1970-களின் நடுப்பகுதியோடு அதன் பொற்காலம் முடிந்தது. 1981-ல் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. 1982 செப்டெம்பரில் இந்திய மண்ணில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடிய இடமும் சேப்பாக்கமே. துலிப் மெண்டிஸ் இரு இன்னிங்ஸிலும் 105 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு 1983. அவ்வாண்டு ஜூலையில் நிகழ்ந்ததை இவ்விதழின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதன் பின்னர் தமிழ் ரசிகனின் உள்ளம் இரண்டாகப் பிளந்தது. 1985-ல் கொழும்பு ஓவலில், இலங்கை இந்தியாவை வென்று தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அம்மைதானத்துக்கு இடப்பட்டிருந்த பெயர் பாக்கியசோதி சரவணமுத்து என்ற தமிழருடையது. வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாட வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும்? இலங்கை அணியை வெறுத்து இந்திய அணிக்குக் கைதட்டியவர்களும் உண்டு. ஆட்டத்தின் அழகில் மயங்கி, அரவிந்த டி சில்வாவை நேசித்தமைக்காக நண்பரிடம் ஏச்சு வாங்கியவர்களும் உண்டு. பின்னர் முத்தையா முரளிதரன் வந்தார். தோட்டத் தொழிலுக்கென இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரர், கண்டியிற் படித்து, தமிழ் யூனியனுக்கு ஆடி, 2010-ல் காலியில் 800-வது விக்கெட்டை வீழ்த்தினார். அவரை எந்தக் கோட்டுக்குள் நிறுத்துவது என்று இரு தரப்புத் தேசியவாதிகளும் இன்றளவும் தடுமாறுகின்றனர்.

2013 மார்ச்சில் தமிழகத்தில் மாணவர் கிளர்ச்சி பொங்கியது. 2009-ல் வன்னியில் நிகழ்ந்த படுகொலைகளுக்கு நீதி வேண்டிய அக்கிளர்ச்சியின் அறச்சீற்றம் நியாயமானது. அச்சீற்றத்தை அன்றைய தமிழக அரசு ஒரு தடையாக மாற்றியது. ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடலாகாது என்று முடிவாயிற்று. அப்பொழுது பெங்களூர் அணியிலிருந்த முரளிதரனுக்கும், அவர் தமிழராயினும், அத்தடை பொருந்தியது. கொலைக்குப் பொறுப்பான ஆட்சியாளர் எவரும் இதனால் ஒரு வேளை உணவும் இழந்திலர். சதாசிவத்தின் 215 ஓட்டங்களுக்கு எழுந்து நின்ற சேப்பாக்கம், கடல் கடந்து வந்தவனுக்கு வாயிலைச் சாத்தியது. பத்தாண்டு கழித்து, 2023-ல், மதீஷ பத்திரணவும் மகேஷ் தீக்‌ஷணவும் மஞ்சள் உடையில் அதே அரங்கில் பந்து வீசியபோது மக்கள் ஆர்ப்பரித்தனர். மக்களின் உள்ளம் இடையில் மாறிவிட்டதா? தடையும் அழைப்பும் மேலிருந்தே வந்தன. அரங்கில் அமர்ந்த மக்களை இருமுறையும் எவரும் வினவவில்லை.

மக்களை அவர்பாட்டில் விட்டால் அவர்கள் எவ்வாறு நடப்பர் என்பதற்கும் சேப்பாக்கமே சான்று. 1998 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்தன. 1999 ஜனவரியில், பாகிஸ்தான் அணி வரலாகாது என்று சிவசேனைக் கட்சியினர் டில்லி ஆடுகளத்தைத் தோண்டினர். அம்மாத இறுதியில் சென்னையில் நடந்த டெஸ்டில், டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களால் தோற்றது. கண்ணீர் காயுமுன்னரே அரங்கிலிருந்தோர் எழுந்து நின்று, மைதானத்தை வலம்வந்த பாகிஸ்தான் வீரர்களைக் கைதட்டி வாழ்த்தினர். அதற்கு மூன்றாண்டு முன்னர் இதே போன்று பெருமைப்படத்தக்க செயலொன்றைக் கொழும்பு கண்டது. 1996 ஜனவரி 31-ல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபின், ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ண ஆட்டங்களுக்கு வர மறுத்தன. பகை நாடுகள் எனப்பட்ட இந்தியாவும் பாகிஸ்தானும், ஒரே அணியாகச் சேர்ந்து பெப்ரவரி 13-ல் கொழும்பில் வந்து ஆடின. பழைய போட்டிகளைப் பற்றி வாதிடும் மூத்தோர் இந்த ஆட்டத்தையும் கணக்கிற் சேர்ப்பாராக.

விளையாட்டில் பகையுணர்ச்சிக்கு இடமேயில்லை என்று உபதேசிப்பதும் எமது கருத்தன்று. நசுக்கப்பட்டவனுக்குச் சில வேளைகளில் வேறு களம் இருப்பதில்லை. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருட் புகுந்தன. 1969 மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் பனி ஹொக்கிப் போட்டியில் செக்கோசுலோவாக்கியா சோவியத் அணியை இருமுறை வென்றது. இரண்டாம் வெற்றியின் இரவில் பிராக் மக்கள் வீதிகளில் திரண்டனர். பேச்சுரிமை மறுக்கப்பட்ட நாட்டில் அந்த இரவே அவர்தம் பேச்சாயிற்று. சோசலிசத்தை நேசிப்போர் அந்நிகழ்ச்சியை நேர்மையோடு எண்ணிப் பார்க்கவேண்டும். சிறியவன் பெரியவனுக்கு எதிராகக் கொள்ளும் போட்டியுணர்ச்சி வேறு. ஆள்வோர் தம் தவறுகளை மறைக்க அயலான்மீது மூட்டிவிடும் பகை வேறு. இரண்டையும் வேறுபடுத்தி அறிதலே ரசிகனின் அரசியற் கல்வி.

இனி லீக் விரிவாக்கத்துக்கு வருவோம். பனி ஹொக்கியின் வரலாறே இங்கும் நமக்கு உதவும். கனடாவின் உறைந்த குளங்களில் உழைப்பாளிகளின் பிள்ளைகள் வளர்த்த ஆட்டம் அது. அதன் பெரும் லீக்கில் 1967 வரை ஆறு அணிகளே இருந்தன. ஆட்டக்காரர் ஏறக்குறைய அனைவரும் கனடியர், ஆனால் நான்கு அணிகள் அமெரிக்க நகரங்களுக்கு உரியவை. 1967-ல் ஆறு அணிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டபொழுது ஆறும் அமெரிக்க நகரங்களுக்கே சென்றன. விண்ணப்பித்த வன்கூவர் 1970 வரை காத்திருந்தது. கியூபெக் நகரத்தின் அணி 1995-ல் டென்வருக்கு விற்கப்பட்டது. 2015-ல் புதிய அரங்கம் கட்டி விண்ணப்பித்தும் அந்நகருக்கு இடம் கிட்டவில்லை. 50 கோடி டொலர் கட்டணத்தில் ஓர் அணி, 2017-ல், பனியே அறியாத லாஸ் வேகாஸ் பாலைவன நகருக்குச் சென்றது. இன்று ரொறன்ரோவில் வாழும் நம் உறவினர்க்கு இக்கதை நன்கு தெரியும். ஆட்டம் எங்கே வேரூன்றியுள்ளது என்பது அங்கு கேள்வியன்று. தொலைக்காட்சி விளம்பரம் எங்கே விலைபோகும் என்பதே கேள்வி.

2008-ல் எட்டு அணிகளோடு தொடங்கிய ஐ.பி.எல்.-உம் இவ்வழியே சென்றது. 2011-ல் சேர்க்கப்பட்ட கொச்சி அணி ஒரே பருவத்தில் கலைக்கப்பட்டது. கேரளத்தின் ரசிகர் அழுதும் பயனில்லை. 2022 பருவத்துக்கென லக்னோ அணி 7,090 கோடி ரூபாவுக்கும் அகமதாபாத் அணி 5,625 கோடி ரூபாவுக்கும் விற்கப்பட்டன. இதற்கு மாறான விரிவாக்கமும் இந்தியாவிலேயே நிகழ்ந்தது. 2018-19 பருவத்தில் ரஞ்சிக் கிண்ணத்தில் பீகார், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகலாந்து, புதுச்சேரி முதலிய ஒன்பது அணிகள் புதிதாக இடம்பெற்று, மொத்தம் 37 ஆயின. எவரும் விலை கொடுத்து அவ்விடங்களைப் பெறவில்லை. உச்சநீதிமன்றம் நியமித்த லோதா குழுவின் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து, நாட்டின் ஒரு பகுதியாயிருத்தலே தகுதி என்று ஏற்கப்பட்டது. புதியவர் பலர் படுதோல்வி அடைந்தனர். தரம் தாழ்ந்தது என்று ஏளனம் செய்தோரும் உண்டு. ஆயின், ஆடாதவன் எவ்வாறு தரம் பெறுவான்?

லங்கா பிரீமியர் லீக் 2020-ல் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்னும் ஐந்து பெயர்களோடு தொடங்கியது. 2024 வரை நடந்த ஐந்து பருவங்களிலும் கிழக்கு மாகாணத்தின் எந்த ஊருக்கும் அதில் இடமில்லை. இந்தப் புறக்கணிப்பைக் கண்டு நம் இளைஞர் கொதிப்பது இயல்பே. ஆயின் இடம் பெற்றவர் பெற்றது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். ஐந்து பருவங்களுள் கொழும்பு அணி மூன்று பெயர் மாற்றிற்று. காலி அணியும் அவ்வாறே. உரிமையாளர் மாறப் பெயரும் மாறியது. யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு பருவங்களில் கிண்ணத்தை வென்றது. அவற்றுள் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை. அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் பல்லேகலையிலும் தம்புள்ளையிலும் ஆடிய அணியை யாழ்ப்பாணத்தார் தொலைக்காட்சியிலேயே கண்டனர்.

இதற்கு மறுமொழியாக இளைஞர் ஒரு பெயரைக் கூறுவர்: விஜயகாந்த் வியாஸ்காந்த். யாழ். மத்திய கல்லூரியில் பயின்ற அவ்விளைஞர் 2020-ல் யாழ். அணியில் அறிமுகமாகி, பின்னர் இலங்கை அணியிலும், 2024-ல் ஐ.பி.எல்.-இலும் ஆடினார். லீக் இல்லாவிடின் அவரை யார் அறிந்திருப்பர் என்று அவர்கள் கேட்பது நியாயமே. தனியார் லீக் ஒரு கதவைத் திறந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அக்கதவு வரை அவரை நடத்திக்கொண்டு வந்தது எது? மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடந்துவரும் வடக்கின் பெரும் சமர். போரும் இடப்பெயர்வும் நிறைந்த ஆண்டுகளிலும் அம்மரபைக் கைவிடாத ஆசிரியர்கள், மாணவர்கள், பழைய மாணவர்கள். நூறாண்டு உழுத நிலத்தில் விளைந்ததை லீக் அறுவடை செய்தது. கிழக்கில் அத்தகைய நிலம் உழப்படாதிருக்க, அறுவடைக்காரனை மட்டும் அழைப்பதால் என்ன பயன்?

திருகோணமலை இதனை நன்குணர வேண்டிய ஊர். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நம் வாயிலில் உள்ளது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலர் அதற்காகப் பொருதினர். 1957 வரை ஆங்கிலக் கடற்படை அங்கிருந்தது. உலக வரைபடத்தில் திருகோணமலை எப்பொழுதும் இருந்தது. திருகோணமலையின் உழைப்பாளிக்கு அதனாற் கிடைத்தது கூலி வேலை மட்டுமே. பெயர் பெரிதாயிருந்தும் உரிமை பிறர் கையிலிருந்த நிலைமையை மூன்று நூற்றாண்டு அனுபவித்த ஊர், தன் பெயரை மட்டும் தாங்கிய ஓர் அணியை வேறொருவர் வாங்கி வேறோர் ஊரில் ஆடுவதைக் கண்டு மனநிறைவு கொள்ளலாமா?

விளையாட்டரங்குகள் அதிகாரத்தைப் பின்தொடர்கின்றன. அன்றைய ஜனாதிபதியின் சொந்த மாவட்டமாகிய அம்பாந்தோட்டையில், 2011 உலகக் கிண்ணத்துக்கென முப்பத்தையாயிரம் பேர் அமரத்தக்க சர்வதேச அரங்கம் எழுந்தது. யாழ்ப்பாணத்து மண்டைதீவில் சர்வதேச அரங்குக்கு 2025-ல்தான் அடிக்கல் நடப்பட்டது. கிழக்கிலோ சர்வதேச ஆட்டம் ஒன்றுகூட நடந்ததில்லை. போர்க்காலத்தில் பள்ளி மைதானங்கள் பல அகதிகளின் தங்குமிடங்களாயின. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கரையோரப் பள்ளிகளை அழித்தது.

எனினும் கிழக்குக்கு ஒரு சிறப்புண்டு. அதனை இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரும் பெருந்தொகையினராய்க் கலந்து வாழும் மாவட்டம் திருகோணமலை. இங்கே ஒரு மாவட்ட அணி உண்மையாகத் தெரிவு செய்யப்படின், அது எந்த ஓர் இனத்தின் அணியாகவும் இருக்கவியலாது. மூதூரும் கிண்ணியாவும் சேருவிலவும் திருமலை நகரும் ஒரே உடையணிந்து நிற்கவேண்டும். 1899-ல் கொழும்புக் கனவான்கள் செய்யாததை, பம்பாய்ச் செல்வர் செய்ய மறுத்ததை, இம்மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் செய்துகாட்டலாம். இனத்தின் பெயரால் அழிவையே கண்ட ஒரு மண்ணில் ஊரின் பெயரால் ஓர் அணி ஒன்றுபடுவது சிறு செயலன்று. அதனை விலைக்கு வாங்க எந்த முதலாளியாலும் இயலாது. அதனால் அவருக்கு இலாபமும் இல்லை. நாமே கட்டவேண்டிய அணி அது.

ஆகவே ஆறாவது அணி வேண்டும் என்ற குரலை நாம் தணிக்க முற்படவில்லை. அக்குரல் கேட்பது போதாது என்கின்றோம். மாவட்டத்தின் ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் ஆண்டு முழுவதும் ஆடத்தக்க பொது மைதானம் ஒன்று வேண்டும் என்று கேட்போம். மூன்று மொழிவழிப் பள்ளிகளும் கலந்து மோதும் பள்ளி லீக் வேண்டும் என்று கேட்போம். துடுப்பும் காலணியும் வாங்க இயலாத மீனவர் பிள்ளைக்கும் உழவர் பிள்ளைக்கும் அவற்றைப் பள்ளியே வழங்கவேண்டும் என்று கேட்போம். 2024-ல் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம் பெற்றவர்கள் இலங்கைப் பெண்கள். நம் பெண் பிள்ளைகளுக்கும் சமமான மைதான நேரம் வேண்டும் என்று கேட்போம். ஏலத்தில் ஓர் அணி வருமாயின், அதன் ஆட்டங்களிற் பாதியேனும் இம்மாகாணத்தில் நடைபெறவேண்டும், அதன் வீரர்களுள் ஒரு பங்கினர் இம்மாகாணத்துப் பள்ளிகளிலிருந்து தெரிவு செய்யப்படவேண்டும் என்ற நிபந்தனையை இன்றே எழுத்தில் வைப்போம். இயலுமாயின், பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள பள்ளிகளோடு, அந்தப் பழைய கிண்ணத்தின் நினைவாக, ஆண்டுக்கு ஒருமுறை ஆடுவதற்கும் வழிதேடுவோம். இவற்றைக் கேட்க எந்த லீக்கின் அனுமதியும் வேண்டியதில்லை. ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் கூடி ஒரு மனு வரைந்தால் வேலை தொடங்கிவிடும்.